வலப்பக்கம் கேட்ட லப்டப்

உயிரியல் ஆய்வகத்தில் மொத்தமே மூன்று ஸ்டெதஸ்கோப்கள். வகுப்பில் முப்பத்தெட்டு பேர். மாணவிகள் ஒரு மூலை, மாணவர்கள் ஒரு மூலை என்று பிரிந்து நின்று, பக்கத்தில் இருப்பவரின் இதயத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஆய்வகம் சந்தைக்கடை மாதிரி இரைந்தது.

"குருவி, அசையாம நில்லுடி," என்றாள் நெட்டை.

இரண்டும் பட்டப்பெயர்கள். குருவி ஒல்லியாக இருப்பாள், கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை வாய் ஓயாது. முதல் வகுப்பில் ஒட்டிய பெயர் பத்தாம் வகுப்புவரை கூடவே வந்துவிட்டது. நெட்டை அவளுடைய உயிர்த்தோழி. வகுப்பிலேயே உயரமானவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்பமாட்டாள்.

நெட்டை வட்டத் தகட்டைக் குருவியின் நெஞ்சில் இடப்பக்கமாக அழுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் மேலே நகர்த்தினாள், பிறகு கீழே.

"சரியாவே கேக்கல. எங்கேயோ அடுத்த தெருவுல யாரோ கதவத் தட்டற மாதிரி இருக்கு."

"காதுல ஒழுங்கா மாட்டு."

"மாட்டித்தான் இருக்கேன். உனக்கு இதயமே இல்ல போல."

"உனக்குத்தான் இல்ல. நேத்து பிஸ்கட் பாக்கெட்ட மொத்தமா நீயே முழுங்கினியே!"

சிரித்துக்கொண்டே நெட்டை தகட்டை வலப்பக்கம் இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மறுபடி இடப்பக்கம் வைத்தாள். மறுபடி வலப்பக்கம். பிறகு தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தாள். அடுத்த மேசையில் இருந்தவளிடமிருந்து வேறொரு ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வந்தாள்.

"என்னடி பண்ற?"

"பேசாத. கொஞ்ச நேரம் பேசாம இரு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இரண்டாவது கருவியும் அதையேதான் சொன்னது. வலது மார்புக்குக் கீழே, காதுக்குள் யாரோ மத்தளம் தட்டுவதுபோல, லப்டப், லப்டப், லப்டப்.

"மிஸ்!" என்று நெட்டை போட்ட சத்தத்தில் ஒருவன் சோதனைக் குழாயைக் கீழே போட்டு உடைத்தான்.

உயிரியல் மிஸ் உடைந்த கண்ணாடிக்குத் திட்டிக்கொண்டே வந்தார். நெட்டை விஷயத்தைச் சொன்னதும், "ஒழுங்கா வைக்கத் தெரியல" என்று தானே வாங்கி வைத்துக் கேட்டார். இடம். வலம். இடம். வலம். திட்டு நின்றது. அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்து, பரிசு வாங்கப்போகும் குழந்தையின் முகம் போல ஆகிவிட்டது.

"எல்லாரும் வாய மூடுங்க!" என்றார். பிறகு மறுபடி கேட்டார். "காலேஜ்ல படிக்கிறப்ப புத்தகத்துல இத பத்தி ஒரே ஒரு வரி இருந்துச்சு. இருபது வருஷமா பாடம் நடத்தறேன், நேர்ல பாத்ததே இல்ல. உன் இதயம் வலப்பக்கம் இருக்கும்மா!"

வகுப்பே மேசைகளைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தது. "நான் கேக்கறேன், நான் கேக்கறேன்" என்று மாணவிகள் வரிசையில் முட்டிக்கொண்டார்கள். குருவிக்குப் பயம் வரவில்லை. பதினைந்து வருடம் குடியிருந்த வீட்டில் இதுவரை திறக்காத ஓர் அறை இருப்பதாக யாரோ சொன்னதுபோல இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று உடனே பார்த்தாக வேண்டும்.

"மத்ததெல்லாம் எங்க மிஸ் இருக்கும்? கல்லீரல்? இரைப்பை?"

"எனக்கும் தெரியாது," என்றார் மிஸ், கண்கள் மின்ன. "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. நாளைக்கே சொல்லு!"

வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவே இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறையும் வயரிங் பார்வையில்தான் பார்ப்பார். "பிளஸ்ஸும் மைனஸும் மாத்திக் குடுத்துட்டாங்களா? ஆனா வண்டி நல்லாத்தானே ஓடுது!" என்றார். ரொட்டி பேக்கரியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கோ கண் கலங்கிவிட்டது. குருவி அவர் கையைப் பிடித்துத் தன் வலது நெஞ்சில் வைத்தாள்.

"பாரும்மா. எவ்ளோ ஜோரா அடிக்குது. இதுக்குப் போய் அழுவாங்களா?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர் திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "படம் திரும்பி விழுந்துடுச்சு போல. இன்னொரு தடவ நில்லும்மா." இன்னொரு தடவையும் அதேதான். தகட்டில் ஒட்டியிருந்த பக்க அடையாளத்தைச் சரிபார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"படம் திரும்பல அண்ணே," என்றாள் குருவி. "நான்தான் திரும்பியிருக்கேன்!"

ஸ்கேனும் எடுத்தார்கள். அன்று மாலை பெரிய டாக்டர் படங்களை வெளிச்சப் பலகையில் மாட்டினார். இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். இரைப்பையும் மண்ணீரலும் வலப்பக்கம். எல்லோருக்கும் வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. அவளுக்கு அதுவும் மாறியிருந்தது. ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தால் சிக்கல் வரலாம், மொத்தமும் ஒழுங்காகத் திரும்பியிருப்பதால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இப்படி இருக்குமாம்.

"ஏன் டாக்டர் திரும்பிச்சு?"

"கரு ரொம்பச் சின்னதா இருக்கறப்ப, இடது எது, வலது எதுன்னு முடிவு பண்ண ஒரு ஏற்பாடு இருக்கு. கண்ணுக்குத் தெரியாத முடி மாதிரி இழைகள் சுழண்டு சுழண்டு, சுத்தி இருக்கற திரவத்த ஒரு பக்கமாத் தள்ளும். அந்த ஓட்டத்த வெச்சுத்தான் உடம்பு பக்கம் பிரிக்குது. அதுக்கான ஜீன் மாறியிருந்தா கணக்கு திரும்பிடலாம்."

"அப்ப அந்த ஜீன் எங்கேர்ந்து வந்துச்சு?"

அம்மா டாக்டரையே பார்த்தார். அந்தக் கேள்விதான் முந்தின நாளிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"பெரும்பாலும் ரெண்டு பேர்கிட்டேர்ந்தும்தான்," என்றார் டாக்டர். "ஒருத்தர் மேல பழி போட முடியாது." பிறகு குருவியைப் பார்த்தார். "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"முடிஞ்சா அவரையும் ஒரு தடவ வந்து பாத்துக்கச் சொல்லு."

மறுநாள் மதிய இடைவேளையில் குருவியும் நெட்டையும் கரும்பலகையை ஆக்கிரமித்துக்கொண்டார்கள். ஒரு சதுரம், அதற்குள் நான்கு கட்டங்கள். ஒவ்வொரு பண்புக்கும் நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இது பாடத்தில் படித்ததுதான். நேராக வைக்கும் பிரதிக்கு 'நே' என்றும், மாற்றி வைக்கும் பிரதிக்கு 'மா' என்றும் குருவி பெயர் வைத்தாள். 'நே' ஓங்கு பண்பு. ஒன்று இருந்தாலே போதும், எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்துவிடும். 'மா' ஒடுங்கு பண்பு. அது வெளியே தெரிய இரண்டும் 'மா'வாகவே அமைய வேண்டும்.

"அம்மாவுக்கு நேமா. அப்பாவுக்கும் நேமா. அதான் அவங்க ரெண்டு பேருக்கும் வெளியில ஒண்ணும் தெரியல," என்று சொல்லிக்கொண்டே குருவி கட்டங்களை நிரப்பினாள். நேநே. நேமா. மாநே. நான்காவது கட்டத்தில் எழுதியதை நெட்டை உரக்கப் படித்தாள்.

"மாமா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நெட்டைதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். "அப்ப நீ ஒரு மாமாடி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தே விட்டாள். சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க ஒடுங்கு பண்பு என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பொடிசுகள்கூட "ரெண்டு மா சேந்தா மாமா" என்று பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

சிரித்து முடித்ததும் நெட்டை கட்டங்களை விரலால் எண்ணினாள்.

"நாலுல ஒரு கட்டம். இந்தக் கணக்கு உனக்கு மட்டும்தானா?"

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாத்தான். ஒருத்தருக்கு வந்துட்டதால அடுத்தவருக்கு வராதுன்னு கிடையாது."

"அப்ப உங்க அண்ணனுக்கு?"

அண்ணன் இருபது வயதுக்காரன். டயர் கடையில் வேலை. வேலை இல்லாத நேரமெல்லாம் கைப்பந்து. ஆஸ்பத்திரி என்றாலே பத்து அடி தள்ளி நிற்பான். போதாக்குறைக்குப் பயங்கரக் கூச்சம் வேறு. விலாப்பக்கம் விரலை நீட்டினாலே துள்ளிக் குதிப்பான். குருவி பள்ளி ஸ்டெதஸ்கோப்பை இரவல் வாங்கி வந்து மூன்று நாள் முயன்று பார்த்தாள். தகடு தோலில் பட்டதும் "ஐயோ, விடு, விடு!" என்று சிரித்து உருண்டு, சோபாவிலிருந்து கீழே விழுந்து, எழுந்து ஓடிவிட்டான்.

"அண்ணா, அஞ்சே நிமிஷம். நாலுல ஒண்ணு வரைக்கும் வாய்ப்பு இருக்கு."

"நாலுல மூணு இல்லன்னுதானே அர்த்தம்? போ போ. என் இதயம் இருக்க வேண்டிய எடத்துல பத்திரமா இருக்கு."

"நெட்டை வேணா கேக்கட்டுமா?"

"அவ வேற எதுக்கு! சனிக்கிழமை இறுதிப் போட்டி. அது முடியட்டும், நானே வந்து படுக்கறேன். எங்க வேணா கேட்டுக்கோ."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. பதினொன்றரைக்கு அம்மாவின் போன் அடித்தது. அணித்தலைவன் பேசினான். காலையிலிருந்தே அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றி வலி; சொல்லாமல் ஆடியிருக்கிறான். இரண்டாவது செட்டில் வாந்தி எடுத்து, சுருண்டு படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அப்பா ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் எடுக்கவில்லை. அம்மாவும் குருவியும் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். வாசலைத் தாண்டியவள் திரும்பி ஓடிவந்து, தன் எக்ஸ்ரே உறையை அலமாரியிலிருந்து உருவிக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அவசரப் பிரிவில் அண்ணன் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது, நெற்றி கொதித்தது. இப்போது வலி தொப்புளை விட்டு நகர்ந்து, அடிவயிற்றின் இடப்பக்கத்தில் நின்றுவிட்டது. பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். தன்மையாகத்தான் பேசினார்.

"வலது பக்கமா இருந்தா குடல்வாலோன்னு சந்தேகப்படலாம்மா. இது இடப்பக்கம். குதிச்சு ஆடினதுல தசை இழுத்திருக்கலாம், கிட்னில கல் இருக்கலாம். வலிக்கு ஊசி போடறோம். கொஞ்ச நேரம் வெச்சுப் பாப்போம்."

இடப்பக்கம். அந்த ஒரு வார்த்தை குருவியின் தலைக்குள் மணி அடித்தது. கல்லீரல் மாறும். இரைப்பை மாறும். அப்படியென்றால் வலது அடிவயிற்றில் இருக்க வேண்டிய குடல்வால்?

கட்டிலருகே பாய்ந்து போய், அண்ணனின் சட்டையை விலக்கி, வலது நெஞ்சில் காதை வைத்தாள். அவன் துள்ளவில்லை. சிரிக்கவில்லை. "விடு" என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. கூசாத அண்ணனை அவள் பார்த்ததே கிடையாது.

பிறகு சத்தம் வந்தது. காதை அடைக்கும் அளவுக்கு, வேகவேகமாக. லப்டப் லப்டப் லப்டப்.

"டாக்டர்!" என்று கத்தினாள். "வலது பக்கம் கேளுங்க டாக்டர்! இதயம் வலது பக்கம் இருக்கு! எனக்கும் அப்படித்தான், இதோ என் படம். எங்க வீட்டுல ரெண்டு பேரும் மாமா!"

"என்னம்மா சொல்ற? எந்த மாமா?"

"ஐயோ, அது இல்ல! ஒடுங்கு பண்பு! ரெண்டு பிரதியும் மாறியிருக்கு. உறுப்பெல்லாம் பக்கம் மாறியிருக்கும். குடல்வாலும் இடப்பக்கம்தான் இருக்கும். அங்கதான் அவனுக்கு வலிக்குது!"

மூச்சு விடாமல் கொட்டினாள். வாய் ஓயாதவள் என்று பெயர் வாங்கியதற்கு அன்றுதான் பலன் கிடைத்தது. டாக்டர் ஒரு விநாடி அவளைப் பார்த்தார், ஒரு விநாடி படத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வலது நெஞ்சில் வைத்தார்.

"எல்லாரும் பேசாம இருங்க."

அம்மா குருவியின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

டாக்டர் தலையை நிமிர்த்தினார். கண்கள் அகன்றிருந்தன. "சிஸ்டர், ஸ்கேன் அறைக்குப் போன் போடுங்க. உடனே. அறுவை டாக்டரையும் வரச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். கட்டில் சக்கரங்கள் நடைபாதையில் கடகடத்தன. ஸ்கேனில் தெளிவாகத் தெரிந்தது. இடது அடிவயிற்றில் குடல்வால், விரல் தடிமனுக்கு வீங்கி, எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலையில். அரைமணி நேரத்தில் அறுவை அறைக்குள் கொண்டு போய்விட்டார்கள்.

இயந்திர எண்ணெய் படிந்த சட்டையோடு அப்பா வந்து சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. அம்மா நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் குரல் உடைந்தது. மீதியைக் குருவி சொன்னாள். அப்பா அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். சட்டையின் எண்ணெய் அவள் கன்னத்தில் அப்பியது. அவள் துடைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அறுவை டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றும்போதே சிரித்துவிட்டார்.

"பையன் நல்லா இருக்கான். வெடிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டோம். இத்தனை வருஷத்துல நான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்னு குடல்வால் எடுத்தது இதுதான் முதல் தடவ. கை ஒவ்வொரு தடவையும் பழகின பக்கமே போகுது!" பிறகு சுற்றும் முற்றும் பார்த்தார். "யாரு அந்த மாமாப் பொண்ணு?"

மூன்று நாள் அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தான். மருத்துவம் படிக்கும் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். கூச்சம் பழையபடி திரும்பி வந்துவிட்டது. "மெதுவா, மெதுவா, சிரிச்சா தையல் இழுக்குது!" என்று கெஞ்சிக்கொண்டே கெக்கெக்கெவென்று சிரித்தான். அணிக்காரர்கள் கோப்பையோடு வந்தார்கள். அவன் இல்லாமலே ஜெயித்துவிட்டார்களாம். அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாம் நாள் மதியம் அம்மா ரொட்டியைப் பிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டார். "ரெண்டு புள்ளைங்களுக்கும் நாங்கதானே இப்படிக் குடுத்தோம்?"

"அம்மா," என்றாள் குருவி, "நீங்க ரெண்டு பேரும் குடுத்ததுல இது ஒரே ஒரு ஜீன். மனுஷனுக்குக் கிட்டத்தட்ட இருபதாயிரம் ஜீன் இருக்கு. அதுல என் மூக்கு அப்பா குடுத்தது, இவனோட கூச்சம் யாரு குடுத்ததுன்னே தெரியல, என் வாய் நிச்சயமா நீ குடுத்தது."

அம்மா அவள் வாயில் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்து அடைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை.

வீடு திரும்பும்போது அண்ணனுக்கும் குருவிக்கும் டாக்டர்கள் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும். எந்த உறுப்பு எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருந்தது. அண்ணன் அதைப் பர்ஸில் முதல் மடிப்பில், தன் அணிப் படத்துக்கு முன்னால் செருகினான்.

செய்தி பள்ளிக்குக் குருவிக்கு முன்பே போய்விட்டிருந்தது. புதன்கிழமை மதியம் ஆய்வக வாசலில் வரிசை நின்றது. எல்லோருக்கும் தங்கள் இதயம் எந்தப் பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். சிலர் தம்பி தங்கைகளையும் இழுத்து வந்திருந்தார்கள். உயிரியல் மிஸ் மூன்று ஸ்டெதஸ்கோப்களையும் மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக் குருவியை உட்காரச் சொன்னார்.

நெட்டை பெயர்களை எழுதினாள், குருவி கேட்டாள். இடப்பக்கம். இடப்பக்கம். இதுவும் இடப்பக்கம். நாற்பது பேரைத் தாண்டியும் ஒருவருக்குக்கூட மாறியிருக்கவில்லை.

"போர் அடிக்கலையாடி?" என்றாள் நெட்டை.

ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முன்னால் வந்து நின்றிருந்தாள். தகட்டை இடப்பக்கம் வைத்ததும் குட்டிக் குட்டிக் குதியாக, எண்ண முடியாத வேகத்தில் அந்த இதயம் ஓடியது. குருவி கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.